ஜெர்மனி போனதும் முகவரிப் பதிவு: ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளுமா, நாம் போய் நிற்கணுமா?

கோரையாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை. நர்சிங் முடித்து கோயம்புத்தூரில் நாலு வருஷம் ஐ.சி.யு.வில் இருந்தேன். ஜெர்மன் மொழிப் பரீட்சை பி2 நிலை பாஸாகி, விசாவும் கைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் கொச்சியிலிருந்து கிளம்புகிறேன். கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர், அங்கே உள்ள ஆஸ்பத்திரி.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதியணும், அதற்கு அன்மெல்டுங் என்று பேர், அது ஆகாமல் எதுவும் நகராது என்று கிளாசில் டீச்சர் சொன்னார். எனக்குக் குழப்பம் இங்கேதான். ஆஸ்பத்திரி குவார்ட்டர்சில் ரூம் காலியாக ஆறு வாரம் ஆகுமாம். அதுவரை சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் தங்க வைப்பதாகச் சொல்கிறார்கள். என்னோடு படித்த பெண் லைப்சிக்கில் இருக்கிறாள். “என் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிந்துவிடு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறாள். கொடுக்கலாமா?

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. என் பேர் மட்டும்தான் இருக்கிறது. கல்யாணம் பொள்ளாச்சியில் நடந்தது. வீட்டுக்காரர் ஆறேழு மாதம் கழித்து வருவார். அவருக்கும் நான்தான் பதியணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் கேட்க ஆள் இல்லை.

வாளையாறு_வண்டி எழுதியது:

பாப்பா, பயப்பட ஒன்றுமில்லை. நான் 17 வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்தேன். போய் இறங்கியதும் கம்பெனி ஆள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவார். மெடிக்கல், கைரேகை எல்லாம் அவர்கள் கூட்டிப்போய் முடித்து, அங்கே தங்குவதற்கான இக்காமா அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாம் எந்த ஆபீஸ் வாசலையும் மிதித்ததில்லை. ஆஸ்பத்திரி பெரிதாக இருந்தால் உனக்கும் அப்படித்தான் நடக்கும்.

பனங்காடு எழுதியது:

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபுக்குப் போய்ப் போய், வெளிநாடு என்றாலே கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது நமக்குள் ஊறிவிட்டது. ஜெர்மனியில் அப்படி இல்லை. ஆஸ்பத்திரி வழிகாட்டும், நல்ல இடமாக இருந்தால் கூட ஒருவரை அனுப்பும். ஆனால் குடியேறியவர் கடமை அது, அவர் பேரில்தான் சட்டம் இருக்கிறது. நான் வேலந்தாவளத்துக்காரி, வந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் முதல் தடவை முகவரி பதியும் ஆபீசுக்குப் போனபோது கையில் இத்தனை தடிமனுக்கு ஒரு ஃபைல். எஸ்.எஸ்.எல்.சி. புக், ரேஷன் கார்டு நகல், வில்லேஜ் ஆபீசர் கையெழுத்துப் போட்ட இருப்பிடச் சான்று, அப்பாவின் ஆதார் நகல்கூட உள்ளே இருந்தது. சுவரில் என் நம்பர் விழுந்ததும் போய் உட்கார்ந்து ஃபைலை மேசைமேல் வைத்தேன். அந்த அம்மா அதைத் திறக்கவே இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு தாளைக் கேட்டார். அது என்னிடம் இல்லை. திரும்பி வந்தேன். அடுத்த தேதி கிடைக்க பதினெட்டு நாள் ஆனது.

அந்தத் தாளின் பேர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். நாக்கு சுழலும், பரவாயில்லை, எழுதி வைத்துக்கொள். “இன்னார் இன்ன தேதியில் என் வீட்டில் குடியேறினார்” என்று வீடு கொடுத்தவர் எழுதிக் கையெழுத்திடும் தாள். 2015 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கும் பதிவுச் சட்டத்தில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. இரண்டு வாரத்துக்குள் கொடுப்பது வீடு கொடுத்தவரின் கடமை. அவர் இழுத்தடித்தால் பதிவு ஆபீசுக்கு உடனே தெரியப்படுத்தணும் என்று அதே சட்டம் சொல்கிறது.

நம் ஊரில் முகவரி என்றால் நாம் சொல்வதுதான். வீட்டுப் பேரைச் சொன்னால் போதும், வார்டு மெம்பருக்கு நம்மைத் தெரியும், தபால்காரருக்குத் தாத்தா காலத்திலிருந்து தெரியும். இங்கே நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த ஒரு கையெழுத்துதான் நம்மைத் தெரிந்தவர். அதனால் நீ கிளம்பும் முன்பே ஆஸ்பத்திரியின் பணியாளர் பிரிவுக்கு ஒரு மெயில் எழுது. தற்காலிக வீட்டுக்கு இந்தத் தாளை யார் தருவார், வந்த முதல் நாளே கிடைக்குமா என்று இரண்டே வரியில் கேள். பதில் எழுத்தில் வரட்டும். சுற்றுலா வீட்டுக்காரர்கள் பலர் தர மறுப்பார்கள். தர மாட்டேன் என்றால், தருகிற வேறு இடம் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியை இப்போதே கேட்கலாம். விமானம் ஏறும் முன் கேட்பது வேறு, இறங்கிய பிறகு கெஞ்சுவது வேறு.

பதிவு ஆபீசுக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும். ப்யூர்கராம்ட் என்பார்கள், ப்யூர்கர்பூரோ என்பார்கள், பழைய ஆட்கள் ஐன்வோனர்மெல்டெஆம்ட் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். பெரிய ஊர்களில் பல நேரம் இரண்டு வாரத்துக்குள் தேதி கிடைக்காது. கிடைக்கிற முதல் தேதியைப் பிடித்து, அந்த மெயிலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

எருத்தேம்பதி எழுதியது:

இதில் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். எங்கள் செட்டில் மூன்று பேர் ஃப்ரெண்டு வீட்டு முகவரியைக் கொடுத்துத்தான் பதிந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அவள் நல்ல மனசோடுதானே சொல்கிறாள்.

பனங்காடு எழுதியது:

தம்பி, நல்ல மனசோடுதான் சொல்கிறாள், அதனால்தான் நானும் எழுதுகிறேன். உண்மையில் குடியேறாத ஒருவருக்கு முகவரி கொடுப்பவர் மேல் 50,000 யூரோ வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. பதியாமல் இருப்பவருக்கு 1,000 யூரோ வரைதான். அதாவது அதிக ஆபத்து உதவ வந்த அந்தப் பெண்ணுக்கு. கஷ்டப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்த நம் பெண்ணை நாமே அதில் மாட்டிவிடக் கூடாது.

இன்னொன்றும் யோசியுங்கள். வேலை ஒரு ஊரில், பதிவு லைப்சிக்கில் என்றால், அங்கே தங்கியிருப்பதற்கான வதிவு அனுமதியைத் தரும் வெளிநாட்டவர் ஆபீசும் லைப்சிக்காகிவிடும். வரி எண்ணும் கடிதங்களும் அங்கே போகும். நைட் டியூட்டி முடித்து யார் போய் எடுத்து வருவது?

நிஜமாகவே தோழி வீட்டில் ஒரு ரூமில் தங்குவதானால் தாராளமாகப் பதியலாம். அவள் வாடகைக்கு இருந்தாலும், உள்வாடகைக்கு விடுபவராக அவளே அந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம். தங்கணும், அவ்வளவுதான்.

எருத்தேம்பதி எழுதியது:

50,000 விஷயம் எனக்குத் தெரியாது அக்கா. எங்கள் ஆட்களிடம் சொல்கிறேன். ஒருவன் இன்னும் அப்படித்தான் இருக்கிறான்.

அக்‌ஷயா_மேசை எழுதியது:

கொழிஞ்சாம்பாறை பக்கம் அக்‌ஷயா சென்டரில், அதாவது கேரள அரசின் இ-சேவை மையத்தில் உட்காருகிறேன். வெளிநாடு போகிறவர்களின் பேப்பர் தினமும் என் கையில் வருகிறது. பேர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நம் எல்லைப்புறத்து ஆட்கள் மாட்டுகிறார்கள்.

கல்யாணத்தை எங்கே நடத்துகிறோமோ பொதுவாக அங்கேதான் பதிவு. கேரளத்தில் நடந்தால் அந்த இடத்துப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ 45 நாளுக்குள். 2008-இல் வந்த விதி. நம்மவர்கள் மண்டபத்துக்குப் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும்தான் போகிறார்கள். அங்கே நடந்தால் 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி சார்பதிவாளர் ஆபீசில், 90 நாளுக்குள். தாலி கட்டிய மண்டபத்தைவிட்டு, வீடு இங்கே இருக்கிறது என்று நம் பஞ்சாயத்துக்கு வந்து கேட்கிறவர்கள் நிறைய.

சரி, பதிந்தாயிற்று. அப்புறம் எழுத்து. நம் பள்ளிக்கூடப் பதிவேட்டில் ‘தங்க’ என்று தொடங்கும் பேரை மலையாள வழக்கப்படி என்-கே போட்டு எழுதுவார்கள். பொள்ளாச்சி ஆபீசில் அதே பேர் என்-ஜி. அப்பா ஒருவர்தான், சொல்லும் பேர் ஒன்றுதான், ஆனால் சர்டிபிகேட்டில் இரண்டு ஆள். இங்கே நமக்கு அது சாதாரணம். வெளிநாட்டு ஆபீசில் இருப்பவருக்கு நம் இரண்டு மொழியும் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். பாஸ்போர்ட்டில் இருப்பதே கணக்கு என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்குக் கொண்டுவாருங்கள். அதுவும் இங்கே இருக்கும்போதே. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு பொள்ளாச்சி சர்டிபிகேட்டைத் திருத்துவது பெரும்பாடு.

ரேஷன் கார்டில் பேரை வெட்டிவிடணுமா என்று அம்மாமார் கேட்கிறார்கள். வெட்ட வேண்டாம். வெளிநாடுவாழ் கேரளத்தவர் என்று மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஓட்டும் அப்படியே. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் 6ஏ படிவம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள ஊரிலேயே வாக்காளராக இருக்கலாம். ஓட்டுப் போட நேரில் வரணும்.

பனங்காடு எழுதியது:

மேசைக்காரர் சொன்னதோடு சேர்த்து: எனக்கும் பாஸ்போர்ட்டில் ஒரே பேர்தான். அது இங்கே குடும்பப் பேர் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. முதல் பதிவில் எப்படி விழுகிறதோ அப்படியே பேங்க், இன்ஷூரன்ஸ், சம்பளம் எல்லாவற்றிலும் எழுதிவிடு. ஒரு இடத்தில் மட்டும் அப்பா பேரைச் சேர்த்துவிடாதே.

வடகரப்பதி எழுதியது:

ஒரு கேள்வி. பதிவுப் படிவத்தில் மதம் கேட்கிறார்களாமே? என் தங்கையும் போகப்போகிறாள். நாங்கள் ரோமன் கத்தோலிக்கர்கள். எதுவும் எழுதாமல் விட்டால் வரி மிச்சம் என்று ஒருவர் சொல்கிறார்.

பனங்காடு எழுதியது:

ஆமாம், கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் தேவாலய வரி உண்டு. வருமானத்தில் அல்ல, கட்டுகிற வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8. இந்துக்களுக்கு இந்த வரி இல்லை. மறைத்து எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. நாளைக்கு அங்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போனால் கேள்வி வரும். எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளதை எழுதச் சொல்லுங்கள்.

வடகரப்பதி எழுதியது:

தங்கையிடம் காட்டினேன். “கோயில் வேணும், வரி வேண்டாம்னா எப்படி அண்ணா?” என்றாள். உள்ளதையே எழுதப்போகிறாள்.

மீனாட்சிபுரம் எழுதியது:

ஜெர்மனி எனக்குத் தெரியாது, ஆனால் ஜப்பான் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். வதிவு அட்டையை நரிதா விமான நிலையத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அதனால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முடியவில்லை. வீடு அமைந்து 14 நாளுக்குள் நகர ஆபீசிலோ வார்டு ஆபீசிலோ போய்ப் பதியணும். அட்டையின் பின்பக்கம் வெற்றாக இருக்கும், முகவரியை அங்கே அவர்கள்தான் ஏற்றித் தருவார்கள். அது ஏறாத அட்டையைக் காட்டி நான் போன் சிம்கூட வாங்க முடியவில்லை. 90 நாள் பதியாமல் விட்டால் விசா நிலையையே ரத்து செய்யலாம் என்று சட்டம். வேறு நகரத்துக்கு மாறினால், கிளம்பும் ஊரில் போகிறேன் என்று சொல்லி ஒரு தாள் வாங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் அதைக் கொடுத்து 14 நாளுக்குள் பதியணும். அதே மேசையில் ஹெல்த் இன்ஷூரன்சையும் கேட்டுவிடுங்கள்.

கோபாலபுரம் எழுதியது:

என் மகன் நெதர்லாந்துக்கு எம்.எஸ். படிக்கப் போகிறான். நான் விவசாயி, எனக்கு இந்த விவரமெல்லாம் புதிது. ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறான். மாதம் 100 யூரோ குறைவு. ஆனால் “பதிவு கிடையாது” என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்னங்க?

பனங்காடு எழுதியது:

ஐயா, அந்த ரூமுக்கு முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். அந்த முகவரியில் பதியக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார் என்று அர்த்தம். நெதர்லாந்தில் நாலு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் வந்த ஐந்து நாளுக்குள் நகராட்சியில் பதியணும். அதில்தான் பி.எஸ்.என். என்ற எண் கிடைக்கும். பார்ட் டைம் வேலைக்கும் சம்பளத்துக்கும் அந்த எண் வேணும். 100 யூரோ மிச்சம் பிடிக்கப் போய்ப் பையன் எங்கேயும் பதியாமல் நிற்பான். பதிவுக்கு இடம் கொடுக்கிற ரூமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அதன் பிறகு பணம்.

கோபாலபுரம் எழுதியது:

நல்ல வேளை கேட்டேன். இன்றைக்கு சாயங்காலம் பேங்குக்குப் போக இருந்தேன். மகனிடம் பேசிவிட்டேன், வேறு பார்க்கிறான். மிக்க நன்றி தாயி.

வாளையாறு_வண்டி எழுதியது:

நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். எங்கள் காலத்து நடைமுறை வேறு. பாப்பா, நீ அந்த அக்கா சொல்வதைக் கேள்.

கோரையாறு எழுதியது (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் வணக்கம். வந்து சேர்ந்தேன், பதிந்தும் விட்டேன். நடந்ததை எழுதுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

பனங்காடு அக்கா சொன்னபடி கிளம்பும் முன் மெயில் போட்டேன். சுற்றுலா வீட்டுக்காரர் தாள் தர மாட்டார் என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. அப்புறம் அவர்களே, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் அம்மாவின் மாடியில் ரூம் பிடித்துத் தந்தார்கள். நான் பெட்டியை இறக்கிய அன்றைக்கே அந்த அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தார். லைப்சிக் தோழியிடம் 50,000 விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆபீசுக்கு ஒன்பதாம் நாள் போனேன். கட்டணம் ஒன்றும் கேட்கவில்லை. பதிவுப் படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே முன்கூட்டி நிரப்பிக் கொடுத்திருந்தார்கள், உதவியாகத்தான். ஆபீசில் இருந்தவர் அதைப் பார்த்து டைப் செய்து, ஒரு தாளை அச்சிட்டு, சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்லி என் பக்கம் திருப்பினார். மேசைக்காரர் அண்ணன் எழுதியது ஞாபகம் வந்தது. பேனாவை வைத்துவிட்டு, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் படித்தேன். பேர் சரி. பிறந்த தேதி சரி. பிறந்த இடத்தில் விரல் நின்றது. நான் பிறந்தது நம் சித்தூர் தாலுகா ஆஸ்பத்திரியில், பாஸ்போர்ட்டில் கடைசியில் ஒற்றை யு. தாளில் இரண்டு ஓ. ஆந்திரத்துச் சித்தூர் ஆகிவிட்டது. யாரோ இணையத்தில் தேடி, பெரிய ஊராக வந்ததை எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கை நடுங்கியது. தப்பாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்று பயம். பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டி, “இது வேறு ஊர், வேறு மாநிலம்” என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நல்லதாயிற்று என்று சொல்லி மாற்றி அடித்துக் கொடுத்தார். இரண்டு நிமிஷ வேலை.

ஆனால் வேறொன்றில் சறுக்கினேன். வரி எண் தபாலில் வரும் என்றார்கள். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. வரி எண் கொடுக்காததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி என்று ஏகப்பட்டது பிடித்துவிட்டார்கள். பிறகு வீட்டுக்கார அம்மாதான் கேட்டார், கீழே தபால் பெட்டியில் உன் பேரை ஒட்டினாயா என்று. ஒட்டவில்லை! எனக்கு அப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது.

பனங்காடு எழுதியது:

ஐயோ கண்ணு, அதை நான் எழுத விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். இங்கே ஒரே கட்டடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவாகத் தனி நம்பர் கிடையாது, தபால்காரர் பெட்டியில் உள்ள பேரைப் பார்த்துத்தான் போடுவார். பேர் இல்லையென்றால் திருப்பிவிடுவார். பதிவில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் இன்றைக்கே ஒட்டு. வரி எண் பதினொரு இலக்கம், அதை வரிகளுக்கான மத்திய ஆபீசிடம் மறுபடி கேட்கலாம், தபாலில்தான் அனுப்புவார்கள். வந்ததும் சம்பளப் பிரிவில் கொடு. கூடப் பிடித்ததைச் சரிக்கட்டித் தருவார்கள், போய்விடாது.

அப்புறம் ரேடியோ-டிவி கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். பதிவு ஆனதும் தகவல் அங்கே போய்விடும். மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். அந்த அம்மா கட்டுகிறார் என்றால் அந்தக் கட்டணத்துக்கான அவருடைய கணக்கு எண்ணைக் குறித்துப் பதில் எழுது. குப்பையில் போட்டுவிடாதே.

கோரையாறு எழுதியது:

ஒட்டிவிட்டேன் அக்கா. வரி எண்ணும் நேற்று வந்துவிட்டது. அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ் ரூம் கொடுக்கிறார்கள். மறுபடி பதியணும் இல்லையா? என் கணவர் வரும்போது என்ன செய்யணும்?

பனங்காடு எழுதியது:

ஆமாம், மறுபடி இரண்டு வாரம், மறுபடி அந்தத் தாள். இந்த முறை ஆஸ்பத்திரிதான் வீடு கொடுப்பவர், அவர்கள் தருவார்கள். பழைய இடத்தில் தனியாக நீக்க வேண்டியதில்லை, புதுப் பதிவே அதைப் பார்த்துக்கொள்ளும். ஜெர்மனியைவிட்டே போவதானால்தான் நீக்கல். அதைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து செய்யலாம்.

அவர் வந்தால் அவர் பேரில் அவருக்குத் தனியாக ஒரு தாள் வேணும். அதனால் இரண்டு பேர் தங்க குவார்ட்டர்சில் அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு வை. கல்யாண சர்டிபிகேட்டை அவர் கையில் கொடுத்தனுப்பு, ஜெர்மன் மொழிபெயர்ப்போடு.

அக்‌ஷயா_மேசை எழுதியது:

உங்கள் வீட்டுக்காரர் நேற்றுதான் இங்கே வந்தார், பாஸ்போர்ட்டில் மனைவி பேரைச் சேர்க்கணும் என்று. உங்கள் பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத்தெழுத்தாக ஏற்றினேன். பொள்ளாச்சி சர்டிபிகேட்டில் உங்கள் பேர் சரியாக இருக்கிறது. உங்கள் அப்பா பேரில் மட்டும் என்-ஜி. சார்பதிவாளர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை பஸ்சில் போய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.